பூட்டிய வீடுகளுக்கு யார் அனுமதி கொடுத்தது?

இங்கிலாந்துல ஏதோ ஒரு கிராமத்துல உங்களுக்குச் சொந்தமா ஒரு வீடு இருக்குன்னு வெச்சுக்குங்க. (நினைச்சுப் பார்க்க காசா பணமா!) அந்த வீட்டுக்கு மேல ஒரு மாடி எழுப்பணும்னா கவுன்சிலுக்கு விண்ணப்பம் போடணும். வரைபடம் கொடுக்கணும், கட்டணம் கட்டணும். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கடிதம் போகும். அவர் "எனக்கு வெயில் மறைக்குது"ன்னு ஆட்சேபம் எழுதலாம். சின்ன விண்ணப்பம்னா 8 வாரத்துல முடிவு சொல்லணும்னு கெடு. அதிகாரியே முடிவு பண்ணுவார், பிரச்னையான கேஸ்னா ஊர்க்காரங்க ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த கவுன்சிலர்கள் கமிட்டியா உக்காந்து கை தூக்குவாங்க.

அதே வீட்டை ஒண்ணுமே இடிக்காம, கட்டாம, பூட்டிட்டு லண்டனுக்குப் போயிடறீங்க. வருஷத்துல மூணு வாரம் லீவுக்கு மட்டும் வந்து தங்கறீங்க. இதுக்கு என்ன அனுமதி வாங்கணும்?

இங்கிலாந்தோட பெரும்பாலான இடங்கள்ல ஒரு துண்டுச் சீட்டு கூட வேண்டாம்.

உலகத்துலேயே ரொம்பக் கறாரான கட்டட அனுமதிச் சட்டம்னு பேர் வாங்கின ஊர்ல எப்படி இப்படி ஒரு ஓட்டை? கதை கொஞ்சம் பழசு. காபி எடுத்துட்டு வந்துடுங்க, போலாம்.

19ஆம் நூற்றாண்டோட கடைசியில அமெரிக்காவிலிருந்து மலிவா தானியம் வந்து இறங்க ஆரம்பிச்சதும் இங்கிலாந்து விவசாயி நொடிச்சுப் போனார். குறிப்பா லண்டனுக்குக் கிழக்கே எசெக்ஸ் பக்கத்துக் களிமண் நிலம் சீந்துவாரில்லாமக் கிடந்தது. அதை அடிமாட்டு விலைக்கு வாங்கின புரோக்கர்கள் மனை மனையாப் பிரிச்சு, லண்டன் தொழிலாளிங்களுக்கு வித்தாங்க. மலிவு ரயில் டிக்கெட், இடத்தைப் பார்க்க வந்தவங்களுக்கு விருந்து, ஷாம்பெயின், அப்புறம் ஏலம். நம்ம ஊர்ல இலவச வேன் விட்டு மதியச் சாப்பாடும் போட்டு மனை விக்கறாங்களே, அந்த ஐடியாவுக்கு நூறு வயசுக்கு மேல ஆயிடுச்சு. :-)

வாங்கினவங்க அதுல என்ன கட்டினாங்கன்னு கேட்டா சிரிப்பு வரும். பழைய ரயில் பெட்டி, ஓய்வு கொடுத்த பஸ், ராணுவக் கொட்டகை, பலகை வீடு. சனி ஞாயிறு வந்து தங்கி, காத்து வாங்கிட்டு, ரெண்டு செடி நட்டுட்டுப் போவாங்க. 1928ல ஆரம்பிச்ச ஜேவிக் அப்படி ஒரு கடலோர இடம். லண்டன்காரங்களுக்கான விடுமுறை மனைகள். அங்கே ஒரு பகுதியில தெருவுக்கெல்லாம் கார் கம்பெனி பேர். பென்ட்லி அவென்யூ, ஆஸ்டின் அவென்யூ இப்படி. கார் வாங்க முடியாதவன் கார் பேர் வெச்ச தெருவுலயாவது இருக்கட்டுமேன்னு நினைச்சாங்களோ என்னவோ.

படிச்ச மேல்தட்டு ஆட்களுக்கு இதைப் பார்த்து வயிறு எரிஞ்சது. 1926ல கிராமப்புற இங்கிலாந்தைக் காப்பாத்தறதுக்குன்னே ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. க்ளஃப் வில்லியம்ஸ்-எல்லிஸ்ங்கிற கட்டடக் கலைஞர், நகரத்தை நாடு முழுக்கக் கை நீட்டற ஆக்டோபஸா உருவகப்படுத்தி 1928ல ஒரு புத்தகமே எழுதினார். இவர்தான் வேல்ஸ் கடற்கரையில போர்ட்மெய்ரியன்னு ஒரு இத்தாலிய பாணி சுற்றுலா கிராமத்தை 1925லேர்ந்து கட்டிக்கிட்டிருந்தார் என்பது கிளைக்கதை. தொழிலாளி ரயில் பெட்டியை நிறுத்தினா ஆக்டோபஸ், கலைஞர் கோபுரம் கட்டினா கலை! (போர்ட்மெய்ரியன் அழகான இடம்தான், அதுல சந்தேகமில்லை.)

கவுன்சில்கள் ஏன் தடுக்கலைன்னா, பயம். 1909லேயே ஒரு சட்டம், 1932ல இன்னொண்ணு. ஆனா நிலத்துக்காரனைக் கட்டக் கூடாதுன்னு சொன்னா நஷ்ட ஈடு கொடுக்க வேண்டிய நிலைமை வரலாம். சின்ன கவுன்சிலுக்கு அவ்வளவு பணத்துக்கு எங்கே போறது? ரெண்டு உலகப் போருக்கு நடுவுல இங்கிலாந்து, வேல்ஸ்ல சுமார் 40 லட்சம் வீடுகள் முளைச்சுது.

இதுக்கெல்லாம் முற்றுப்புள்ளி வெச்சது 1947ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டம். அட்லி மந்திரிசபையில லூயிஸ் சில்கின் கொண்டுவந்தது, 1948 ஜூலை 1லேர்ந்து அமல். இதோட துணிச்சலை நினைச்சா இப்பவும் மலைப்பா இருக்கு. நிலம் உன்னோடது, ஆனா அதுல கட்டற உரிமை இனிமே அரசாங்கத்தோடது. கட்டணும்னா வந்து கேளு. மறுத்தா நஷ்ட ஈடு கிடையாது. அந்த உரிமையை இழந்தவங்க எல்லாருக்கும் சேர்த்து ஒரே தடவையா 30 கோடி பவுண்டு ஒதுக்கியாச்சு, அதோட கணக்கு முடிஞ்சுதுன்னுட்டாங்க.

நிற்க. இந்தச் சட்டத்துல 'மேம்பாடு'ன்னா என்னங்கிறதுக்கு ஒரு இலக்கணம் இருக்கு. அதுக்கு ரெண்டு கால். நிலத்துல கட்டுறது, தோண்டுறது மாதிரியான வேலைகள் முதல் கால். கட்டடத்தையோ நிலத்தையோ பயன்படுத்தற விதத்தைக் குறிப்பிடத்தக்க அளவுக்கு மாத்தறது ரெண்டாவது கால். கட்டறதுக்கு மட்டுமில்லை, உபயோகத்தை மாத்தறதுக்கும் அனுமதி வேணும். இது வெளிநாட்டுச் சமாச்சாரம்னு ஒதுக்கிடாதீங்க. நம்ம 1971 தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தை எடுத்துப் பாருங்க, பேர்லேர்ந்து இந்த இலக்கணம் வரைக்கும் அப்படியே அந்த வாடை அடிக்கும். 'டிடிசிபி அப்ரூவ்டு'ன்னு விளம்பரத்துல போடறாங்களே, அதுக்குப் பின்னாடி இருக்கிறது இந்த 1971 சட்டம்தான்.

இப்ப ஜேவிக்குக்குத் திரும்புவோம். போர்ல குண்டு விழுந்து வீடிழந்த லண்டன்காரங்க, சனி ஞாயிறுக்குன்னு வாங்கிப் போட்ட பலகை வீட்டுலயே நிரந்தரமாக் குடியேறிட்டாங்க. கோடைக்குன்னு கட்டின வீடு. சாக்கடை இல்லை, ஒழுங்கான ரோடு இல்லை. 1953 ஜனவரி 31 ராத்திரி வடகடல் பொங்கினப்போ ஜேவிக்ல 30 பேருக்கு மேல செத்தாங்க. அதுக்கப்புறமும் ஜனங்க அங்கேயேதான் இருந்தாங்க. 2010, 2015, 2019ன்னு மூணு தடவை, இங்கிலாந்துலேயே மிகவும் பின்தங்கின பகுதின்னு அரசாங்கப் பட்டியல்ல முதலிடம்.

அதிகாரிகள் இந்த மாதிரி இடங்கள்லேர்ந்து கத்துக்கிட்ட பாடம் என்னன்னா, விடுமுறைக் குடிசையில ஆள் நிரந்தரமாத் தங்க விடக்கூடாது. கேரவன் நிறுத்தற இடம், சின்னச் சின்ன மரவீடுகள் எதுக்கு அனுமதி கொடுத்தாலும் கூடவே ஒரு நிபந்தனை வரும்: விடுமுறைக்கு மட்டும்தான் பயன்படுத்தணும். சில இடங்கள்ல குளிர்காலத்துல இழுத்து மூடியே ஆகணும்.

விவசாயி வீட்டுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. வயக்காட்டு நடுவுல புது வீடு கட்ட விடவே மாட்டாங்க, பண்ணை வேலைக்கு ஆள் அங்கேயே தங்கியாகணும்னு நிரூபிச்சாத்தான் அனுமதி. அப்பவும் விவசாய வேலை செய்யறவரும் அவர் குடும்பமும்தான் குடியிருக்கலாம்னு எழுதி வாங்கிடுவாங்க. அதாவது யார் குடியிருக்கிறாங்கங்கிறது எங்க வேலை இல்லைன்னு இந்தச் சட்டம் எப்பவுமே சொல்லலை. வேணும்கிறபோது ஆளையும் பார்த்திருக்கு.

1980களுக்கு அப்புறம் விவசாயத்துல வருமானம் குறையவும், பண்ணைக்காரர்கள் சுற்றுலாவுக்குத் திரும்பினாங்க. பழைய கல் கொட்டகை சும்மா கிடக்கு. அதை விடுமுறை விடுதியா மாத்தறேன்னு விண்ணப்பம் போட்டா, கிராமப் பொருளாதாரம் வளரும்னு பல கவுன்சில்கள்ல பச்சைக்கொடி. அதே கொட்டகையில கல்யாணமான என் பையன் குடித்தனம் இருக்கட்டும்னு விண்ணப்பம் போட்டா, கடை கிடையாது, பஸ் கிடையாது, கார் போக்குவரத்து கூடும்னு நிராகரிப்பு. 2004ல வந்த அரசாங்க வழிகாட்டி பழைய கொட்டகைகளை வீடா மாத்தறதைவிடத் தொழிலுக்குப் பயன்படுத்தறதுதான் பொதுவா மேல்னு எழுத்துலயே சொன்னது. சுவர் ஒண்ணுதான், ஜன்னல் ஒண்ணுதான். உள்ளே படுக்கறவன் டூரிஸ்டா, உள்ளூர்க்காரனாங்கிறதுல விண்ணப்பத்தோட தலையெழுத்து மாறிடும். 2014 ஏப்ரல்லதான் விவசாயக் கொட்டகைகளைக் குறிப்பிட்ட வரம்புக்குள்ள வீடா மாத்திக்க இங்கிலாந்துல வழியைச் சுலபமாக்கினாங்க.

இவ்வளவு கெடுபிடி இருந்தா நம்மாளு மாதிரி அவங்களும் குறுக்கு வழி தேடத்தானே செய்வாங்க? ஹெர்ட்ஃபோர்ட்ஷைர்ல ஒருத்தர் 2001ல வைக்கோல் கொட்டகைக்கு அனுமதி வாங்கினார். வெளியிலேர்ந்து பார்த்தா கொட்டகையேதான். உள்ளே படுக்கையறை, சமையலறை, ஜிம்னு முழு வீடு. ஒரு வைக்கோல் கூட உள்ளே போகலை! நாலு வருஷம் யாரும் கண்டுக்காம இருந்தா கவுன்சில் நடவடிக்கை எடுக்க முடியாதுங்கிறது அப்போதைய விதி. சரியா நாலு வருஷம் குடும்பத்தோட சத்தமில்லாம இருந்துட்டு, 2006ல போய், 'எனக்குச் சான்றிதழ் கொடுங்க'ன்னு நின்னார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், ஏமாத்து வேலைக்குப் பரிசு கிடையாதுன்னு 2011ல தீர்ப்பாச்சு. அந்த நாலு வருஷக் கெடுவையே இங்கிலாந்துல 2024 ஏப்ரல் 25லேர்ந்து பத்தாக்கிட்டாங்க.

கொட்டகைக்குள்ள குடியிருந்தவரை உச்ச நீதிமன்றம் வரைக்கும் துரத்தின அந்தச் சட்டம், வீட்டுக்குள்ள குடியில்லாதவங்களைக் கண்டுக்கவே இல்லைங்கிறதுதான் எனக்கு உறுத்துது. வீடு வீடாத்தானே இருக்கு, உபயோகம் எங்கே மாறிச்சுன்னு கேட்டுட்டு விட்டுட்டாங்க. 1950கள்ல யாருக்கும் இது ஒரு பிரச்னையா வரும்னு தோணலை. அப்போ லண்டன்காரனுக்கு ஒரு வீட்டுக்கே வழியில்லை.

கார் வந்தது, மோட்டார்வே வந்தது, கையில காசும் வந்தது. ஏரி மாவட்டம், கார்ன்வால், வேல்ஸ்னு அழகான இடமெல்லாம் கைமாற ஆரம்பிச்சது. புதுசா அங்கே கட்டவும் விட மாட்டாங்க (தேசியப் பூங்காவாச்சே), இருக்கிற வீட்டையும் வெளியூர்க்காரங்க வாங்கிடறாங்க. உள்ளூர்ச் சம்பளத்துல என்ன பண்ண முடியும்? ஏரி மாவட்டத் திட்டக்குழு 1970களோட கடைசியில புது வீடெல்லாம் உள்ளூர்க்காரங்களுக்குத்தான்னு ஒப்பந்தம் எழுதி வாங்கிப் பார்த்தது. 1980கள்ல மத்திய அமைச்சர் அந்தக் கொள்கையை ஏத்துக்கலை.

வேல்ஸ்ல விவகாரம் நெருப்பு வரைக்கும் போச்சு. 1979 டிசம்பர்லேர்ந்து 1990களோட ஆரம்பம் வரைக்கும் இருநூறுக்கும் மேற்பட்ட தீவைப்புகள், பெரும்பாலும் ஆளில்லாத விடுமுறை வீடுகள் மேல. 'மெய்பியன் க்ளின்டூர்'ங்கிற பேர்ல ஒரு குழு பொறுப்பேத்துக்கிட்டது. இதுல எனக்குத் துளியும் உடன்பாடில்லை, வீட்டைக் கொளுத்தினா வீடு கிடைக்காது. ஆனா வெல்ஷ் மொழி பேசற கிராமத்துல வீடு போனா கூடவே மொழியும் போகுதுங்கிற அந்தக் கோபத்தைத் தமிழ்ல எழுதற நாம புரிஞ்சுக்கலாம்.

சீட்டு மூலமா பதில் சொன்னவங்க கார்ன்வால்ல செயின்ட் ஐவ்ஸ் ஊர்க்காரங்க. 2016 மே 5ல வாக்கெடுப்பு வெச்சாங்க. இனிமே ஊர்ல கட்டற புது வீடுகள் அதுல குடியிருக்கப் போறவங்களுக்கு மட்டும்தான்னு ஒரு திட்டம். 80 சதவீதத்துக்கும் மேல ஆதரவு. ஒரு கட்டட நிறுவனம் வழக்குப் போட்டு, அந்த வருஷமே நவம்பர்ல உயர் நீதிமன்றத்துல தோத்தது. குடியிருக்கிறதுக்கு என்ன அத்தாட்சி? வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கணும். உள்ளூர் மருத்துவர்கிட்ட பதிஞ்சிருக்கணும். பிள்ளைங்க உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகணும். இந்த மாதிரி.

நல்லாத்தான் இருக்கு, ஆனா சிக்கல் இருக்கு. தடை புது வீட்டுக்குத்தான். அதனால காசுள்ளவங்க பார்வை பழைய வீடுகள் பக்கம் திரும்பும், அங்கே விலை ஏறும், புதுசா கட்டறவங்களுக்கும் ஆர்வம் குறையும். ஏரி மாவட்டத்துல ஆராய்ச்சியாளர்கள் 1980கள்லேயே பார்த்த விஷயம் இது. செயின்ட் ஐவ்ஸ்லயும் ஏறக்குறைய அதேதான் நடந்ததுன்னு பின்னால வந்த ஆய்வு சொன்னது. முழுசாத் தோல்வின்னு நான் சொல்ல மாட்டேன். கட்டின புது வீடுகள்லயாவது ராத்திரி விளக்கு எரியுதே.

வேல்ஸ் அரசாங்கம் கையை வெச்சது நான் மேலே சொன்ன அந்த ரெண்டாவது கால்ல. 2022 அக்டோபர்ல குடியிருக்கிற வீடு, இரண்டாம் வீடு, குறுகிய கால வாடகைக்கு விடற வீடுன்னு மூணு தனித்தனி உபயோக வகுப்பாப் பிரிச்சாங்க. பிரிச்சா மட்டும் போதாது, அந்தந்த ஊர் கவுன்சில் அறிவிப்புக் கொடுத்தாத்தான் ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு மாத்த அனுமதி கேட்கணும். வடமேற்கு வேல்ஸ்ல க்வினெத் கவுன்சில் முதல்ல துணிஞ்சது. அந்தக் கவுன்சில் எல்லையிலதான் அபெர்சோக்னு கடலோர கிராமம். விடுமுறை வீடுகளுக்குப் பேர் போனது, கோடையில கால் வைக்க இடமிருக்காது. அங்கே இருந்த வெல்ஷ் வழி ஆரம்பப் பள்ளி, விரல் விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகளோட தள்ளாடி 2021 டிசம்பர்ல மூடியாச்சு.

க்வினெத் அறிவிப்பு 2024 செப்டம்பர் 1ல அமலுக்கு வந்தது. வீட்டு விலை விழுந்துடும், எங்க சொத்து எங்க இஷ்டம்னு எதிர்த்தவங்கள்ல வெளியூர்க்காரங்க மட்டும் இல்லை, உள்ளூர்க்காரங்களும் உண்டு. விவகாரம் நீதிமன்றத்துக்கும் போச்சு. விக்கிறபோது நல்ல விலை வேணும், வாங்கறபோது மலிவா வேணும்னு ஒரே குடும்பத்துலேயே அப்பனுக்கும் பையனுக்கும் வர்ற வழக்குதானே இது.

இன்னொண்ணும் அந்த அறிவிப்புல இருந்தது. 2024 செப்டம்பர் 1க்கு முன்னாடியே விடுமுறை வீடா இருந்ததுக்கெல்லாம் அது பொருந்தாது. அபெர்சோக்ல ஏற்கெனவே பூட்டிக் கிடந்த வீடுகள் அப்படியேதான்.