தோட்டாவின் அளவைத் தீர்மானித்தது யார்?

தில்லியில் காஷ்மீரி கேட் பக்கம் போகிறவர்கள், லோதியன் ரோட்டின் நடுவே ஒரு பழைய செங்கல் வாசலைப் பார்த்திருப்பீர்கள். வண்டிகள் இரு பக்கமும் சுற்றிக்கொண்டு போகும். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆயுதக்கிடங்கில் மிஞ்சியது அவ்வளவுதான். 1857 மே 11 அன்று, கிளர்ச்சிச் சிப்பாய்களின் கையில் சிக்கக் கூடாது என்று லெப்டினன்ட் வில்லோபி என்ற அதிகாரி இந்தக் கிடங்கையே வெடிவைத்துத் தகர்த்தார்.

வழக்கொழிந்த வேட்டைத் தோட்டாக்களைப் பற்றிய கட்டுரைக்கு இந்த வாசல் எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. நம் நாட்டில் எந்த அளவுத் தோட்டா வாழும், எது சாகும் என்பதைப் புலியோ யானையோ தீர்மானிக்கவில்லை. ஆட்சியாளரின் அச்சம்தான் தீர்மானித்தது.

தோட்டா என்பது நாலு பொருள்

பித்தளைக் கூடு, அடியில் பொறி தரும் கேப்பு, உள்ளே வெடிமருந்து, முனையில் ஈயக் குண்டு. இந்த நான்கும் சேர்ந்ததுதான் தோட்டா. சுட்டபின் குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும், கேப்பு வீணாகும். ஆனால் கூடு மிஞ்சும். அதில் புதுக் கேப்பும் மருந்தும் குண்டும் வைத்தால் மறுபடி சுடலாம். ஆங்கிலேயர் இதை ‘ரீலோடிங்’ என்பார்கள். கடைத்தோட்டா கிடைக்காத அபூர்வத் துப்பாக்கிக்காரர்களுக்கு உலகெங்கும் இதுதான் கதி. காலியான கூடு மீண்டும் உயிர்பெறும் என்கிற இந்தச் சின்ன விஷயம் ஒரு சாம்ராஜ்யத்தையே கவலைப்பட வைத்தது.

தெற்கில் தொடங்கிய ஆயுதப் பறிப்பு

ஆயுதப் பறிப்பு 1857-க்குப் பின் வந்தது என்றே பலரும் நினைக்கிறோம். நம்ம ஊரில் அது அரை நூற்றாண்டு முந்தி வந்துவிட்டது. பாஞ்சாலங்குறிச்சியும் சிவகங்கையும் வீழ்ந்த பிறகு, 1801 டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்து பிரகடனம் வெளியிட்டார். கோட்டைகளும் இடிக்கப்பட்டன.

1857-இல் பிரச்சினைக்குக் காரணமான என்ஃபீல்டு தோட்டா காகிதத்தில் சுற்றியது. குழல் விட்டம் 0.577 அங்குலம். கொழுப்புத் தடவிய அந்தக் காகிதத்தைப் பல்லால் கடிக்க வேண்டும் என்பது சிப்பாய்களின் மத உணர்வைப் புண்படுத்தியது. மீரட்டில் தோட்டாவை வாங்க மறுத்த 85 குதிரைப்படையினர் தண்டிக்கப்பட்டார்கள். மறுநாள் மே 10, கிளர்ச்சி வெடித்தது.

அடக்கிய பிறகு ஆட்சியாளர்கள் ஒரு பாடம் கற்றார்கள். இந்தியச் சிப்பாய்க்கு வெள்ளைச் சிப்பாயைவிட ஒரு படி பழைய துப்பாக்கியே தருவது என்று முடிவு செய்தார்கள். 1858-இல் குழலின் உள்வரிகளே இல்லாத என்ஃபீல்டை அவர்களுக்கென்று செய்தார்கள். உள்வரி இல்லையென்றால் குண்டு சுழலாது, தூரத்தில் குறி தப்பும். வெள்ளையர் கைக்கு மார்ட்டினி-ஹென்றி வந்தபோது இந்தியர் கையில் பழைய ஸ்னைடர் இருந்தது. லிட்டன் பிரபு காலத்தில் 1878-இல் வந்த ஆயுதச் சட்டம், பொதுமக்கள் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும் என்றது.

1907: ஒரு தடை, பல புதுத் தோட்டாக்கள்

மார்ட்டினி-ஹென்றியின் தோட்டா .577/450; அதாவது 0.577 அங்குலக் கூட்டை 0.450 ஆகக் குறுக்கியது. 1890-களில் படைகள் .303-க்கு மாறின. பழைய மார்ட்டினிகளில் பல வடமேற்கு எல்லைப் பழங்குடியினர் கைக்குப் போயின. துப்பாக்கி உண்டு, காலிக் கூடு உண்டு, குண்டுதான் பஞ்சம். அதே நேரத்தில் துரைமார்கள் யானை, காட்டெருமை வேட்டைக்கு 0.450 அளவு ரைஃபிள்களை ஆசையாக வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குண்டுகளை உருவி மார்ட்டினிக் கூட்டில் அடைத்துவிடுவார்களோ என்ற பயம் சர்க்காருக்கு. 1907-இல் இந்தியாவிலும் சூடானிலும் 0.450 அளவுத் தோட்டாக்களுக்குத் தடை வந்தது.

லண்டன், பர்மிங்காம் துப்பாக்கிக்காரர்களுக்கு இந்தியாதான் பெரிய சந்தை. சும்மா இருப்பார்களா? சட்டம் சொன்ன எண்ணைத் தொடாமல் கொஞ்சம் தள்ளி .465, .470, .475, .476 என்று புது அளவுகளைக் கொண்டுவந்தார்கள். இவற்றில் .470 தான் மிகப் பரவலாக நிலைத்தது. அதன் குண்டு 500 கிரெய்ன், நம் கணக்கில் சுமார் 32 கிராம். இன்றும் ஆப்பிரிக்காவில் அது புழங்குகிறது. வேட்டைக்கு ‘இதுவே சிறந்தது’ என்று பெயர் வாங்கிய அளவு, உண்மையில் எல்லைப்புறக் கலகத்துக்குப் பயந்து பிறந்தது!

ஆஸ்திரியா மறந்தது, இந்தியா காத்தது

‘த்ரீ நாட் த்ரீ’ என்று நம் போலீஸ்காரர்களும் என்.சி.சி. பிள்ளைகளும் சொல்லும் .303, ராணுவத் தோட்டா. ஆகவே பொதுமக்களுக்கு அது தடை. உரிமம் பெற்றவர்களுக்கு வேறு ஏதாவது வேண்டுமே? ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையின் 8 மி.மீ. மான்லிக்கர் தோட்டா 1890 வாக்கில் வந்தது. அதையே .315 என்ற பெயரில் நம் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையின் ரைஃபிளுக்கு எடுத்துக்கொண்டார்கள். ஆஸ்திரிய-ஹங்கேரி 1918-இல் இல்லாமலே போயிற்று. ஐரோப்பாவில் அந்தத் தோட்டா இன்று சேகரிப்பாளர் பொருள். இந்தியாவிலோ அது கிராமத்து உரிமக்காரரின் சாதாரணத் தோட்டா.

அருவங்காட்டு மருந்து

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. ஊட்டி மலைரயிலில் போகும்போது குன்னூர் தாண்டி வரும் அருவங்காட்டில், 1903-இல் கார்டைட் தொழிற்சாலை தொடங்கியது. கார்டைட் என்பது நைட்ரோகிளிசரின், வெடிபஞ்சு, கொஞ்சம் வாஸ்லின் சேர்த்துப் பிசைந்து, நம் இடியாப்பம் போலப் பிழிந்த இழைகள். புகை மிகக் குறைவு, வேகம் அதிகம். கறுப்பு மருந்துத் தோட்டாக்களை வழக்கொழியச் செய்தது இந்த வகை மருந்துதான். தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் அங்கே வேலை பார்த்திருக்கின்றன. சில விபத்துகளில் உயிர்களையும் கொடுத்திருக்கின்றன. 2021-இல் ஆயுதத் தொழிற்சாலை வாரியம் ஏழு நிறுவனங்களாகப் பிரிந்தபோது, அருவங்காடு மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் வந்தது.

கார்பெட்டும் ஆண்டர்சனும்

தில்லிக் குடும்பங்கள் விடுமுறைக்குப் போகும் ராம்நகர்க் காட்டுக்குப் பெயர் தந்தவர் ஜிம் கார்பெட். சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக 1907-இல் அவருக்குப் பரிசாகக் கிடைத்தது .275 ரிக்பி. அதன் தோட்டா ஜெர்மானிய 7 மி.மீ. மௌசர்தான்; பெயர் மட்டும் இங்கிலாந்துப் பெயர். அது இன்றும் உயிரோடிருக்கிறது.

தெற்கில் கென்னத் ஆண்டர்சனுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. தளி, அஞ்செட்டிக் காடுகளிலும் ஜவளகிரியிலும் அவர் சுமந்தது .405 வின்செஸ்டர். 300 கிரெய்ன் குண்டு கொண்ட இது 1904-இல் வந்தது. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ரூஸ்வெல்ட் 1909-இல் ஆப்பிரிக்காவுக்கு எடுத்துப்போன புகழ் இதற்கு உண்டு. ஆனாலும் 1930-களில் அந்தத் துப்பாக்கி நின்றது, 1950-களில் தோட்டாவும் நின்றது. துப்பாக்கி நன்றாக இருந்தும் தீனி இல்லாமல் போவது என்றால் இதுதான். இப்படி எத்தனையோ ரைஃபிள்கள் சமஸ்தானங்களிலும் தேயிலைத் தோட்ட பங்களாக்களிலும் சுவர் அலங்காரமாயின.

வேட்டை முடிந்தது, கூடு மிஞ்சியது

1970-இல் புலிவேட்டைக்குத் தடை வந்தது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1973 ஏப்ரல் 1 அன்று புலிகள் திட்டம் கார்பெட் பூங்காவிலேயே தொடங்கியது. இந்த முறை சட்டத்துக்குக் காரணம் குடிமக்களைப் பற்றிய பயமல்ல. காடு காலியாகிவிடுமே என்ற பயம். அந்த வேறுபாட்டை நாம் மதிக்க வேண்டும்.

வெளிநாட்டில் செய்வதுபோல இங்கே வீட்டில் ரீலோடிங் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1959 ஆயுதச் சட்டத்தில் ‘தோட்டா’ என்ற சொல், அதன் பாகங்களையும் தயாரிக்கும் இயந்திரத்தையும் சேர்த்தே குறிக்கிறது. 2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. பரம்பரைச் சொத்துக்கும் அதே வரம்புதான்.

ஆகவே, ஊரில் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பழைய தோட்டா கிடைத்தால், நினைவுப்பொருள் என்று ரயிலில் தில்லிக்குக் கொண்டுவர வேண்டாம். உரிமம் இல்லாமல் ஒரே ஒரு தோட்டா வைத்திருந்தாலும் குற்றம். அருகிலுள்ள காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி ஒப்படையுங்கள். அதற்கு முன் அதன் அடியில் பொறித்த எழுத்தையும் எண்ணையும், யார் எங்கே வைத்திருந்தார் என்ற விவரத்தையும் குடும்பக் குறிப்பில் எழுதி வையுங்கள். பித்தளை போனால் போகட்டும், வரலாறு பிள்ளைகளுக்கு மிஞ்சட்டும்.