மர்மத் தொடர்கள் பார்வையாளருக்கு விடை தரக் கடன்பட்டவையா? மாரிகுப்பத்தை முன்வைத்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

மர்மத் தொலைக்காட்சித் தொடர் ஒன்று தெளிவான விடையின்றி முடியும்போது, ஏமாற்றப்பட்டோம் என்ற எண்ணம் பார்வையாளரிடம் எழுகிறது. இதனை வெறும் இரசனைக் குறைவு என்று ஒதுக்கிவிட இயலாது. வாரந்தோறும் நேரத்தையும் நம்பிக்கையையும் அளித்த ஒருவர் ஈடாக எதையோ எதிர்பார்க்கிறார். அந்த எதிர்பார்ப்பு எப்போது ஓர் உரிமையாக உருப்பெற்றது? எந்த வினாவுக்கு அது பொருந்தும், எதற்குப் பொருந்தாது? கோலார் தங்கவயலின் தொடர்வண்டிப் பாதை முடியும் இடமாகிய மாரிகுப்பத்தை முன்வைத்து இவ்வினாக்களை அணுகுவது பயன் தரும் என்று கருதுகிறேன். விளக்கம் என்பதன் அருமையை அவ்வூர் மூன்று வகைகளில் அறிந்திருக்கிறது.

முதலில் துப்பறியும் கதையின் ஒப்பந்தம். 1928இல் வான் டைனும் 1929இல் ரொனால்டு நாக்ஸும் துப்பறியும் கதைக்கு விதிகள் வகுத்தனர். அமானுஷ்ய சக்தியால் முடிச்சை அவிழ்க்கக் கூடாது, துப்புகளை வாசகரிடம் மறைக்கக் கூடாது என்பவை அவற்றின் சாரம். தமிழில் ஆரணி குப்புசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோரின் நாவல்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளிலேயே பெரும் வாசகர் திரளை ஈட்டியிருந்தன. நாவலை நூலாக வாங்குபவர் கையில் கடைசி அத்தியாயமும் இருக்கிறது. விடை ஏற்கெனவே அச்சாகிவிட்டது. அதை அடையும் வழி மட்டுமே மீதம்.

தொலைக்காட்சித் தொடரில் இந்த உறுதி இல்லை. பல தொடர்களில் முடிவு எழுதப்படும் முன்பே தொடக்கம் ஒளிபரப்பாகிவிடுகிறது. 1990இல் அமெரிக்காவில் தொடங்கிய 'ட்வின் பீக்ஸ்' இதற்கு நல்ல சான்று. லாரா பாமரைக் கொன்றவர் யார் என்பதை வெளிப்படுத்தும் விருப்பம் டேவிட் லிஞ்சுக்கு இருக்கவில்லை. நிறுவனத்தின் அழுத்தத்தால் அவ்வாண்டு நவம்பரில் விடை வெளியாயிற்று. 1991இல் தொடரே நின்றுபோயிற்று. விடை தராததைக் குறை கூறியவர்களும் உண்டு. விடை வந்தபின் பார்ப்பதை விட்டவர்களும் உண்டு. பார்வையாளர் கேட்பது விடையை மட்டுமா என்ற ஐயம் இங்கே எழுகிறது.

தமிழில் இதற்கு இணையான நிகழ்வு 'மர்மதேசம்'. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்த தொடர் அது. அதில் நாகா இயக்கிய 'விடாது கருப்பு' இன்றும் பேசப்படுகிறது. ஊரில் தவறிழைப்பவர்களைக் காவல் தெய்வமாகிய கருப்பு தண்டிக்கிறது என்பது ஊரார் நம்பிக்கை. இத்தொடர் எழுப்புவன உண்மையில் இரு வினாக்கள். தண்டித்தது யாருடைய கை என்பது ஒன்று. கருப்பு என்பது என்ன என்பது மற்றொன்று. கதைநாயகனின் பிளவுண்ட ஆளுமையைக் காட்டி முதல் வினாவுக்கு உளவியல் வழியில் விடை தரப்படுகிறது. இரண்டாவது வினாவை அவ்விடை முழுமையாக மூடிவிடுவதில்லை. என் வாசிப்பில், அத்தொடரின் நேர்மை இந்தப் பிரிவினையில்தான் இருக்கிறது. குற்றத்தைப் பற்றிய கணக்கு தீர்க்கப்பட்டது. தெய்வத்தைப் பற்றிய விவாதம் பார்வையாளரிடம் விடப்பட்டது.

இனி மாரிகுப்பத்துக்கு வருவோம். இங்கு குடியேறிய சுரங்கத் தொழிலாளர்களுள் பெரும்பகுதியினர் வட ஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்த ஒடுக்கப்பட்ட சாதியினர். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் வேரூன்றிய முதன்மையான இடங்களுள் மாரிகுப்பமும் ஒன்று. 1907 முதல் அவர் நடத்திய இதழுக்கும், அவர் மறைந்த 1914க்குப் பின் அவர் நூல்களின் பதிப்புக்கும் தங்கவயல் தொழிலாளர்கள் துணைநின்றனர். அயோத்திதாசரின் முறையும் ஒருவகைத் துப்பறிதலே. தீபாவளியை எள்ளெண்ணெயின் பயனைக் கண்டறிந்த நாளின் நினைவாகவும், அம்மன் வழிபாட்டைப் பௌத்தப் பெண்துறவி ஒருவரின் மருத்துவப் பணியின் எச்சமாகவும் அவர் வாசித்தார். அந்த விளக்கங்களை வரலாற்றுச் சான்றுகளால் நிறுவ முடியுமா என்பது தனி விவாதம். நாம் கவனிக்க வேண்டியது அவற்றின் பணி. நம்பியவரை மூடரென்று இகழாமல், உங்கள் வழிபாட்டுக்குள் உங்களிடமிருந்து பறிக்கப்பட்ட ஒரு வரலாறு இருக்கிறது என்று அவை கூறின. இங்கே விளக்கம், மர்மத்தை அழிக்கும் செயலாக அன்றி இழந்ததை மீட்கும் செயலாக அமைந்தது.

இரண்டாவது அனுபவம் சுரங்கத்துக்குள் நிகழ்ந்தது. தங்கவயல் சுரங்கங்கள் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை சென்றவை. அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென வெடித்துச் சிதறுவதை அங்கு 'ஏர் பிளாஸ்ட்' என்றனர். அது எப்போது, எங்கே நிகழும் என்பதை முன்கூட்டிச் சொல்ல இயலவில்லை. பாறைத் தூசியால் வரும் சிலிகோசிஸ் நோய் குறித்த விரிவான மருத்துவ ஆய்வு, சுரங்கம் தொடங்கி அரை நூற்றாண்டுக்கும் மேலான பின், 1940களில்தான் நடைபெற்றது. அதற்கு முன் எத்தனையோ குடும்பங்களுக்கு மரணத்தின் காரணம் முறையாகச் சொல்லப்பட்டதில்லை. அதே சுரங்கத்தில் தங்கத் திருட்டைத் தடுப்பதற்கான கண்காணிப்போ மிக நுட்பமானது. 1897இல் கல்கத்தாவில் கைரேகை அலுவலகம் அமைந்த பின் உலகெங்கும் பரவிய தொழில்நுட்பம், தொழிலாளரைப் பதிவு செய்யும் கருவியாக இங்கும் நுழைந்தது. அதனை எதிர்த்து 1930இல் தங்கவயல் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர்.

துப்பறியும் கதைகளில் நாம் வியக்கும் கைரேகை, அத்தொழிலாளருக்குத் தம்மைக் குற்றவாளியாக முன்கூட்டியே கருதும் ஏற்பாடாகத் தோன்றியது. விடை சொல்ல வேண்டியவர் எப்போதும் தொழிலாளி. அவர் கேட்ட வினாவுக்கு விடை தர வேண்டியவருக்கோ அவசரம் இருக்கவில்லை. ஆகவே, யார் யாருக்கு விடை தரக் கடன்பட்டவர் என்பது அழகியல் வினா மட்டுமன்று. அதிகாரம் பற்றிய வினாவும் ஆகும்.

மூன்றாவது அனுபவம் இயற்பியலுக்கு உரியது. காஸ்மிக் கதிர்களின் இரைச்சல் எட்டாத ஆழத்தைத் தேடி டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் இச்சுரங்கங்களுக்கு வந்தனர். ஜப்பானிய, பிரித்தானிய அறிஞர்களுடன் இணைந்து 1965இல் வளிமண்டல நியூட்ரினோக்களைப் பதிவு செய்தனர். பின்னர், வழக்கமான விளக்கத்துக்குள் அடங்காத சில துகள் தடங்கள் அவர்களுடைய கருவிகளில் பதிவாயின. 1975இல் வெளியிடப்பட்ட அவை 'கோலார் நிகழ்வுகள்' எனப்படுகின்றன. புதிய துகளொன்றின் சிதைவாக இருக்கலாம் என்ற கருத்து முன்வைக்கப்பட்டது. பிற ஆய்வுகள் அதை உறுதி செய்யவில்லை. அனைவரும் ஏற்கும் விளக்கமும் கிட்டவில்லை. இது விடையில்லா மர்மம். ஆயினும் எவரும் ஏமாற்றப்படவில்லை. கண்டது இன்னது, கருதுவது இன்னது என்று அறிஞர்கள் பிரித்துக் காட்டினர். மற்றவர்கள் சோதிக்கும்படி தடங்களைப் பொதுவில் வைத்தனர்.

இம்மூன்றையும் இணைத்துப் பார்த்தால் ஓர் அளவுகோல் கிட்டுகிறது. விடையின்மை தன்னளவில் குற்றமன்று. விடை தெரிந்தும் மறைப்பது குற்றம். சுரங்க நிர்வாகத்தைப் பற்றி எழும் வினா அத்தகையது. விடையே சிந்திக்கப்படாதபோது, அது இருப்பதுபோல் நடித்து வாரந்தோறும் புதிய முடிச்சுகளைப் போட்டுச் செல்வதும் குற்றமே. பல தொடர்களின் மீது வைக்கத்தக்க குறை இது. ஒரு தொடர் தானே எழுப்பிய குற்ற வினாவுக்குக் கடன்பட்டது. கடவுள், ஊழ், மனத்தின் ஆழம் பற்றிய வினாக்களுக்கு அது கடன்பட்டதன்று. ஆனால் எது தீர்ந்தது, எது தீரவில்லை என்பதைப் பார்வையாளர் அறியும்படி காட்டும் கடப்பாடு அதற்கு உண்டு.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். கற்பனைக்கும் விசாரணை அறிக்கைக்கும் ஒரே அளவுகோலா என்று கேட்கலாம். ஒரே அளவுகோல் அன்று. கதை விடை தராவிடில் நட்டம் சிறிது. விசாரணை விடை தராவிடில் ஒரு குடும்பம் அழிகிறது. எனினும், விளக்கம் கேட்பது தன் உரிமை என்ற பழக்கத்தை மக்கள் கதைகளின் வழியாகவும் பெறுகின்றனர். அந்தப் பழக்கத்தை மழுங்கடிக்கும் கதையை எளிதாகக் கடந்துவிட முடியாது.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தமிழில் சன் தொலைக்காட்சி 1993 ஏப்ரலில் தொடங்கியது. தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. தமிழ் மர்மத் தொடர்களின் செழிப்பான காலம் இவ்விரு நாள்களுக்கு இடையில் அமைந்தது. வாழ்வாதாரம் சரிந்துகொண்டிருந்த அவ்வாண்டுகளில், சுரங்கக் குடியிருப்புகளில் வாழ்ந்தோர் தொலைக்காட்சியில் எவற்றைப் பார்த்தனர், எந்த முடிவுகளை ஏற்றனர், எவற்றை நிராகரித்தனர் என்பவை வாய்மொழி வரலாறாகத் தொகுக்கப்பட வேண்டும். அத்தலைமுறையினர் பெங்களூருக்கும் பிற ஊர்களுக்கும் சிதறி வருகின்றனர். அவர்களிடம் கேட்க வேண்டிய வினாக்களை நாம் தள்ளிப்போட்டால், விடையின்மைக்கு நாமும் பொறுப்பாவோம்.