தானுந்துப் பளபளப்புப் பாகங்களின் அரிமானத் தடுப்பு

தானுந்துப் பளபளப்புப் பாகங்களின் அரிமானத் தடுப்பு என்பது, நீண்ட நாட்கள் ஓட்டாமல் நிறுத்தி வைக்கப்படும் ஊர்திகளின் குரோமிய முலாம் பூசிய பம்பர், மெருகேற்றிய அலுமினியச் சக்கரம், பித்தளை விளக்கு வளையம் முதலிய பாகங்கள் துருப்பிடிக்காமலும் மங்காமலும் காக்கும் முறைகளைக் குறிக்கும். குளிர்நாடுகளில் பனியை உருக்கச் சாலைகளில் உப்புத் தூவப்படுவதால், பழைய தானுந்துகளைக் குளிர்காலம் முழுவதும் கொட்டகையில் வைப்பது வழக்கம். தமிழ்நாட்டில் இதற்கு ஒப்பான காலம், வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களும் அதனைத் தொடரும் பனிக்காலமும் ஆகும். உலோகத்தைக் காற்றுப்புகாமல் மூடுவதை விட, அதனை உலர்வாக வைப்பதே இம்முறைகளின் அடிப்படை.

அரிமானம் நிகழும் விதம்

அரிமானம் ஒரு மின்வேதி வினை. அது நிகழ உலோகத்தின் மீது மெல்லிய நீர்ப்படலம் இருந்தாலே போதும். மழை நேரடியாகப் படவேண்டியதில்லை. காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தாண்டும்போது இரும்பு துருப்பிடிக்கும் வேகம் திடீரெனக் கூடுகிறது. உப்புத்தூள் படிந்திருந்தால் இதைவிடக் குறைந்த ஈரப்பதத்திலேயே வினை தொடங்கும். கடலுப்பில் உள்ள மக்னீசியம் குளோரைடு, 33 விழுக்காடு ஈரப்பதத்திலேயே காற்றிலிருந்து நீரை உறிஞ்சிக் கரைந்துவிடும்.

உலோக வகைகள்

* குரோமிய முலாம்: குரோமியம் எளிதில் அரிபடுவதில்லை. ஆனால் அழகுக்காகப் பூசப்படும் குரோமியப் படலத்தின் தடிப்பு ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவு. அதிலுள்ள நுண்வெடிப்புகள் வழியாக ஈரம் கீழுள்ள நிக்கல் படலத்தையும் பின்னர் எஃகையும் அடைகிறது. பம்பரில் தோன்றும் பழுப்புப் புள்ளிகள் அடியிலுள்ள எஃகின் துருவே.
* அலுமினியம்: இதன் மேல் தானே உருவாகும் ஆக்சைடு படலம் இதனைக் காக்கிறது. குளோரைடு உப்பு இப்படலத்தைத் துளைத்துக் குழிகளை உண்டாக்கும். கடும் காரத்தன்மை கொண்ட சோப்பும் இதனைக் கரைத்து மங்கச் செய்யும்.
* பித்தளை: ஈரக்காற்றில் கறுக்கும். அம்மோனியா ஆவி பட்டால் வெடிப்பும் உண்டாகலாம்.

பருவ வெடிப்பு

பித்தளைக்கு நேரும் இவ்வெடிப்பு, இந்தியாவின் மழைக்காலத்தோடு நேரடித் தொடர்புடையது. ஆங்கிலேய ஆட்சியில் படையினரின் பித்தளைத் தோட்டாக் குப்பிகள் மழைக்காலங்களில் குதிரை லாயங்களில் வைக்கப்பட்டபோது, பயன்படுத்தப்படாமலேயே வெடிப்புற்றன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியாவும், குப்பியை உருவாக்கியபோது உலோகத்தில் தங்கிய தகைவும் சேர்ந்ததே காரணம் என்பது 1921-ஆம் ஆண்டில் விளக்கப்பட்டது. மாட்டுக் கொட்டகையிலும் அம்மோனியா உண்டாகும் என்பதால், பித்தளைப் பாகங்கள் உள்ள ஊர்தியை அங்கு நிறுத்துவது தவிர்க்கப்பட வேண்டும்.

தமிழ்நாட்டுச் சூழல்

விழுப்புரம் மாவட்டத்தில் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே நெடுஞ்சாலையில் அமைந்த கூட்டேரிப்பட்டு, உட்பகுதி ஊருக்கு ஓர் எடுத்துக்காட்டு. காற்றில் வரும் கடலுப்பு, கரையிலிருந்து சில கிலோமீட்டருக்குள் பெரிதும் குறைந்துவிடுவதால் இங்கு ஈரமே முதன்மைக் காரணி. 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, அருகிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை பதிவானது. எனினும் மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓடிவரும் ஊர்தி, உப்பைத் தன் மீதே சுமந்து வரக்கூடும். அதனைக் கழுவாமல் நிறுத்தினால், கடற்கரையில் நிறுத்தியதைப் போன்ற விளைவே ஏற்படும்.

பாதுகாக்கும் முறை

# காரமற்ற சோப்பு நீரால் கழுவி, நல்ல நீரால் அலசி, இடுக்குகள் உட்பட முழுதும் உலர்த்த வேண்டும்.
# பம்பரின் உட்புறத்தையும் உலர்த்தி எண்ணெய் பூச வேண்டும். முலாம் பூசாத அப்பக்கத்திலிருந்தே பெரும்பாலும் துரு தொடங்குகிறது.
# பளபளப்பான பரப்பில் மெழுகு அல்லது பெட்ரோலியக் களிம்பை மெல்லியதாகப் பூச வேண்டும்.
# காற்றோட்டமுள்ள கூரையின் கீழ் நிறுத்தி, காற்றுப் புகும் துணியுறையால் மூட வேண்டும்.
# மாதம் ஒருமுறை உறையை நீக்கிப் பார்த்து, தேவையெனில் மீண்டும் பூச வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

பிளாஸ்டிக் தார்ப்பாயை உலோகத்தோடு ஒட்டிப் போர்த்துவது பெருந்தவறு. தரையிலிருந்து எழும் நீராவி வெளியேற வழியின்றி, இரவில் குளிரும் உலோகத்தின் மீது நீர்த்துளிகளாகப் படியும். புளியால் துலக்கினால் பித்தளை மின்னும். ஆனால் அதன் அமிலமும் உப்பும் எஞ்சாதவாறு கழுவி உலர்த்தாவிடில் மீண்டும் விரைவில் கறுத்துவிடும். பிரேக் வட்டில் எவ்வகை எண்ணெயோ மெழுகோ படக்கூடாது. வண்டி நிற்காமல் விபத்து நேரலாம். அதில் படியும் மெல்லிய துரு, ஊர்தியை மெதுவாக ஓட்டிப் பிரேக் பிடிக்கும்போது நீங்கிவிடும்.

ஆய்வு

இந்தியாவில் அரிமான ஆய்வின் முதன்மை நிறுவனம் காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் ஆகும். அழகப்பச் செட்டியார் வழங்கிய நிலத்தில் 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்ட இந்நிறுவனம் 1953-இல் திறக்கப்பட்டது. கடற்கரைச் சூழலில் உலோகங்கள் அரிபடுவதை ஆராய மண்டபத்தில் இதன் பிரிவு ஒன்றும் அமைக்கப்பட்டது.