பள்ளி வகுப்பறையில் தொலைவழி விருந்துரை: தமிழ்நாட்டு வரலாறும் காஞ்சிபுரமும்

தொலைவழி விருந்துரை என்பது பள்ளிக்கு நேரில் வராத ஒருவர் வானொலி, தொலைக்காட்சி, செயற்கைக்கோள், இணையம் ஆகியவற்றுள் ஒன்றின் வழியாக வகுப்பறை மாணவர்களுடன் பேசுவதைக் குறிக்கும். காணொளி அழைப்புகள் பெருகிய பிறகு வந்த புதுமையாக இது கருதப்படுகிறது. ஆனால் தமிழ்நாட்டில் இதன் தொடக்கம் 1930ஆம் ஆண்டிலேயே உள்ளது. வெளியிலிருந்து வரும் குரல் வகுப்பறையைச் சென்றடைகிறதா, மாணவர் அக்குரலிடம் திருப்பிக் கேள்வி கேட்க முடிகிறதா, கேட்க வேண்டிய பிள்ளை வகுப்பறையில் இருக்கிறதா என்னும் மூன்று கேள்விகள் இவ்வரலாற்றில் தொடர்ந்து எழுகின்றன. மூன்றாவது கேள்வியைக் காஞ்சிபுரத்தின் நெசவுத் தெருக்கள் கூர்மையாக எழுப்பின.

ஆசானைத் தேடிச் சென்ற காலம்

பழங்காலத்தில் அறிஞர் பேச்சைக் கேட்க மாணவரே பயணம் செய்தார். காஞ்சிபுரத்தில் கடிகை எனப்பட்ட உயர்கல்வி நிலையம் இருந்தது. கடம்ப மரபைத் தோற்றுவித்த மயூரசர்மன் தம் ஆசிரியருடன் அங்குக் கற்கச் சென்றதைக் கர்நாடகத்தின் தாளகுண்டா கல்வெட்டு கூறுகிறது. ஏழாம் நூற்றாண்டில் சீனப் பயணி யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்தார். நாலந்தாவின் தலைமை ஆசானாக விளங்கிய தருமபாலர் இந்நகரில் பிறந்தவர் என்று அவர் குறித்துள்ளார். பயணம் செய்யும் வசதி உள்ளவருக்கே அக்கல்வி கிடைத்தது. தொலைவழிக் கல்வியின் நோக்கம் இந்தத் தடையைக் குறைப்பதே.

வானொலிக் குரல்

இங்கிலாந்தில் பி.பி.சி. 1924இல் பள்ளி ஒலிபரப்பைத் தொடங்கியது. அதே ஆண்டில் சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் சென்னை மாகாண வானொலி மன்றம் உருவானது. பணப் பற்றாக்குறையால் மன்றம் 1927இல் ஒலிபரப்பை நிறுத்தியது. அதன் ஒலிபரப்புக் கருவியைப் பெற்ற சென்னை மாநகராட்சி, 1930 ஏப்ரல் 1 முதல் தன் சேவையை நடத்தியது. பள்ளி நாட்களில் மாலை நேரத்தில் தொடக்கப் பள்ளி மாணவர்களுக்காக இசைப் பாடங்களும் கதைகளும் ஒலிபரப்பாயின.

1938 சூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கப்பட்டது. அதன் பள்ளி ஒலிபரப்பு பிற ஊர்ப் பள்ளிகளையும் சென்றடைந்தது. அறிஞர் ஒருவர் நிலையத்தில் பேச, பல ஊர் மாணவர்கள் ஒரே நேரத்தில் கேட்டனர். எனினும் வானொலி ஒருவழிச் சாதனம். மாணவருக்கு எழும் ஐயத்தை வகுப்பாசிரியரே தீர்க்க வேண்டியிருந்தது. ஒலிபரப்புக்கு முன் பாடத்தை அறிமுகம் செய்து, பின் அதைக் குறித்து உரையாடும் ஆசிரியர் இருந்த இடங்களில்தான் அது பயன் தந்தது.

தொலைக்காட்சியும் செயற்கைக்கோளும்

இந்தியாவில் பள்ளித் தொலைக்காட்சி 1961இல் தில்லியில் தொடங்கியது. 1975 ஆகத்து முதல் 1976 சூலை வரை நடந்த செயற்கைக்கோள் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை, ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களை எட்டியது. தமிழ்நாடு அவற்றுள் இல்லை. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகத்து 15 அன்று தொடங்கியது.

2004 செப்டம்பர் 20 அன்று சிறீஅரிக்கோட்டாவிலிருந்து எடுசாட் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. கல்விக்கென்றே இந்தியா அமைத்த முதல் செயற்கைக்கோள் இது. இதன் நிலையங்களில் ஒரு பகுதி ஒளிபரப்பைப் பெற மட்டுமே உதவியது. மற்றவற்றில் மாணவர் பேசுவதைத் தொலைவிலிருந்த ஆசிரியர் கேட்கவும் காணவும் முடிந்தது. தொலைவழிப் பாடத்தில் திருப்பிக் கேட்கும் வாய்ப்பு இதனால் விரிந்தது. எடுசாட் 2010இல் செயல்பாட்டிலிருந்து விலக்கப்பட்டது.

காளிக்குப்பம் ஆய்வு

இணையக் கால விருந்துரையின் வரலாற்றில் தமிழ் பேசும் சிற்றூர் ஒன்றுக்கு இடமுண்டு. 1999இல் தில்லியின் கால்காசியில் சுவரில் கணினி பதித்துச் சோதனை செய்த சுகதா மித்ரா, பின்னர் காளிக்குப்பத்தில் ஆய்வு நடத்தினார். தமிழ் மட்டுமே அறிந்த 10 முதல் 14 வயதுச் சிறுவர்கள், ஆங்கிலத்தில் இருந்த உயிரித் தொழில்நுட்பச் செய்திகளைக் கணினியின் துணையுடன் தாமே எவ்வளவு கற்பார்கள் என்பது ஆய்வுக் கேள்வி. அவர்களின் மதிப்பெண் சுமார் 30 விழுக்காடு வரை உயர்ந்தது.

அதன்பின் உள்ளூர் இளம்பெண் ஒருவர் சிறுவர்களுடன் இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்பட்டார். அவருக்குப் பாடம் தெரியாது. சிறுவர்கள் செய்வதைப் பார்த்து வியந்து, பாராட்டி, மேலும் சொல்லுமாறு தூண்டுவதே அவர் பணி. மதிப்பெண் சுமார் 50 விழுக்காட்டை எட்டியது. ரீத்து டாங்வாலுடன் இணைந்து மித்ரா இம்முடிவுகளை 2010இல் வெளியிட்டார்.

பாட்டி பேரப்பிள்ளையை ஊக்குவிப்பது போன்ற இம்முறையை இணையத்துக்குக் கொண்டுசெல்லும் முயற்சி 2009இல் தொடங்கியது. இங்கிலாந்தின் ஓய்வுபெற்ற ஆசிரியர் உள்ளிட்ட தன்னார்வலர்கள் இசுகைப் வழியே இந்தியச் சிறுவர்களுக்குக் கதை சொல்லி உரையாடினர். இது 'பாட்டி மேகம்' என்று பெயர் பெற்றது. பாயல் அரோரா போன்ற ஆய்வாளர்கள் மித்ராவின் அணுகுமுறையைக் கேள்விக்கு உட்படுத்தினர். எனினும் அறிவுச் செய்தியைக் காட்டிலும் கவனித்துக் கேட்கும் ஒரு மனிதரின் இருப்பே கற்றலை உயர்த்தியது என்பது காளிக்குப்பம் தரும் பாடமாகும்.

கல்வித் தொலைக்காட்சியும் பெருந்தொற்றும்

தமிழ்நாடு அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகத்து 26 அன்று தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு மார்ச்சில் கொரோனா பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடங்களைக் கொண்டுசேர்க்கும் முதன்மை வழிகளுள் ஒன்றாக அது மாறியது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் இணைய வகுப்பில் ஆசிரியருடன் பேசினர். திறன்பேசி இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு மீண்டும் ஒருவழிச் சாதனமே கிடைத்தது. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறக்கப்பட்டன. இடைவெளியைச் சரிசெய்ய அதே ஆண்டு அக்டோபரில் அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம், தன்னார்வலரை நேரில் பிள்ளைகளிடம் அனுப்பியது.

காஞ்சிபுரம்: தறியருகே இருந்த பிள்ளை

காஞ்சிபுரம் பட்டு 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. இதன் சிறப்பு கோர்வை முறை. உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் நெய்யப்பட்டு இணைவதால் மூன்று நாடாக்கள் தேவைப்படும். நெசவாளர் ஒருவரால் மூன்றையும் இயக்க இயலாது. பக்கத்தில் ஒரு துணையாள் வேண்டும். அந்த இடத்தில் நெடுங்காலம் சிறுவர்களே அமர்த்தப்பட்டனர். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளை தறியில் உழைக்கும் வழக்கமும் இருந்தது. இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைச் சிறுவர்கள் குறித்து இயூமன் ரைட்சு வாட்ச் 2003இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது.

பள்ளி ஒலிபரப்பு எவ்வளவு சிறந்ததாயினும் தறியருகே இருந்த பிள்ளைக்கு அது கேட்கவில்லை. அப்பிள்ளைகளை வகுப்பறைக்குக் கொண்டுவந்தவை 1976ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், 1986ஆம் ஆண்டு குழந்தைத் தொழிலாளர் சட்டம், தேசியத் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகள், மதிய உணவு, 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் போன்றவையே. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதை எல்லாத் தொழில்களிலும் தடைசெய்தது. ஆனால் பள்ளி நேரத்துக்குப் பின் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று விலக்கு அளித்தது. வீட்டிலேயே தறி உள்ள ஊரில் இவ்விலக்கு சிறியதன்று.

அருகிலிருந்தே வரும் விருந்தினர்

விருந்தினர் என்றால் வெளிநாட்டவரோ பெரும் பதவியில் இருப்பவரோ ஆக வேண்டியதில்லை. குழித்தறியைப் பள்ளிக்குத் தூக்கிவர முடியாது. நாற்பது மாணவர்கள் நெசவாளர் வீட்டுத் தறியறையில் நிற்கவும் முடியாது. ஆனால் தறியருகே வைத்த ஒரு திறன்பேசி, நாடா ஓடுவதையும் கோர்வை விழுவதையும் அடுத்த தெருப் பள்ளியின் திரையில் காட்டும். பாவு இழைகளை எண்ணுவதில் கணக்கும், சாயமேற்றுவதில் வேதியியலும், கூலியிலும் விலையிலும் பொருளியலும் உள்ளன. உத்திரமேரூரில் உள்ள முதலாம் பராந்தகன் காலக் குடவோலைக் கல்வெட்டை, அதன் முன் நின்றே ஒரு கல்வெட்டறிஞர் படித்துக் காட்டலாம்.

இத்தகைய உரையாடலுக்கு முன்தயாரிப்பு இன்றியமையாதது. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் உள்ள வீரர்களுடன் பள்ளி மாணவர்கள் அமெச்சூர் வானொலியில் பேசும் திட்டம் இதற்கு எடுத்துக்காட்டு. நிலையம் தலைக்கு மேல் கடக்கும் சுமார் பத்து நிமிடமே பேச முடியும் என்பதால், மாணவர்கள் கேள்விகளை முன்பே எழுதிப் பயிற்சி செய்கின்றனர். 2025 சூலையில் சுபான்சு சுக்லாவுடன் இந்திய மாணவர்கள் இவ்வழியே பேசினர்.

1930இல் மாணவர் கேட்க மட்டுமே முடிந்தது. இன்று கேள்வி கேட்கவும் முடிகிறது. தறியிலிருந்து பள்ளிக்கு வந்த தலைமுறையின் பிள்ளைகள், தங்கள் பாட்டனின் தொழிலைத் திரையில் பாடமாகக் காணவும் அதைப் பற்றி அவரிடமே வினவவும் இக்கருவி இடம் தருகிறது. ஒரு காலத்தில் பள்ளியிலிருந்து பிள்ளையைப் பிரித்த தறி, கல்விக்குள் வர இது ஒரு வழியாகும்.