ஒரு தோல் வாஷரின் கதை



மயிலாப்பூர் சந்து வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அடிபம்பின் சத்தம் மறந்திருக்காது. காலையில் முதலில் அடிப்பவர் மேலே ஒரு சொம்பு தண்ணீர் ஊற்ற வேண்டும். ஏன் என்று வகுப்பில் கேட்பேன். "அப்பத்தான் டீச்சர் தண்ணி வரும்" என்பார்கள் பிள்ளைகள்.

காரணம் இதுதான். பிஸ்டனைச் சுற்றிக் கிண்ணம் போல ஒரு தோல் வாஷர் இருக்கும். இரவில் அது காய்ந்து சுருங்கும். ஊற்றிய நீரில் ஊறி விரிந்து, சிலிண்டர் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். கைப்பிடியை அழுத்தி பிஸ்டன் மேலே ஏறும்போது, அதன் மேலுள்ள நீரே கிண்ணத்தின் விளிம்பைச் சுவரில் அழுத்தும். பாரம் கூடக்கூட அடைப்பும் இறுகும்.

இந்த யோசனைக்கு 200 வயதுக்கு மேல். 1795-இல் லண்டனில் ஜோசப் பிராமா நீரழுத்த எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் தண்டைச் சுற்றி நீர் கசிந்தது. அவர் பட்டறையில் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லேதான் தானே இறுகும் தோல் வளையத்தைச் செய்து கொடுத்தார் என்பார்கள். இன்று ஜேசிபியின் கையைத் தூக்கும் சிலிண்டருக்குள் இருப்பதும் அதன் வாரிசுதான்.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. ஆழத்து நீரை இறைக்கும் 'இந்தியா மார்க் 2' கைப்பம்பு, 1970-களில் யுனிசெஃப் முயற்சியில் உருவானது. அதைச் செய்தது சென்னையிலிருந்த ரிச்சர்ட்சன் அண்டு குருடாஸ் தொழிற்சாலை. உறுதியான பம்பு, ஒரே ஒரு சங்கடம். சிலிண்டர் பூமிக்குள் இருந்ததால், தேய்ந்த வாஷரை மாற்ற அத்தனை குழாய்களையும் வெளியே இழுக்க வேண்டும். அதற்கு வண்டி வேண்டும், ஆட்கள் வேண்டும். சின்ன வாஷருக்காக ஒரு தெருவே நாள் கணக்கில் தண்ணீருக்குக் காத்திருக்கும்.

1980-களில் கோயம்புத்தூர் பகுதியில் பம்புகளை வைத்துச் சோதித்தார்கள். தோலைவிட நைட்ரைல் ரப்பர் வாஷர் வெகுகாலம் உழைத்தது. குழாய்களைக் கழற்றாமல் பிஸ்டனை மட்டும் மேலே எடுக்கும் 'மார்க் 3' அமைப்பும் வந்தது.

உங்கள் தெருவில் பம்பு இருந்தால் கவனியுங்கள். கைப்பிடி லேசாக ஆடி, நீர் மட்டும் குறைந்தால் வாஷர் தேய்ந்திருக்கலாம். ஓய்வுக்குப் பிறகு பலமுறை அடித்தால்தான் நீர் வருகிறதென்றால், அடி வால்வு கசிகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். மாற்றும்போது சிலிண்டரின் உள்சுவரையும் தடவிப் பார்க்க வேண்டும். அங்கே கீறல் இருந்தால் புது வாஷரையும் அது தின்றுவிடும்.

வறட்சி வந்த பிறகு பம்பைத் தேடிப் போகிறோம். வாஷரை அதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும்.

உங்கள் வீட்டு அடிபம்புக்கு வாஷர் மாற்றியது யார்? எழுதுங்கள்.