சிற்பி போட்ட மைக்கோடும் குற்றாலம் சித்திர சபையும்

சிற்பி எஸ். தனபாலின் (1919–2000) மைக்கோட்டுச் சித்திரங்களை முதன்முதலில் அச்சில் பார்த்தப்ப, 'இது எந்தச் சிலைக்கான பிளான்?' என்றுதான் தேடினேன். நோட்டிலும் 'முன்வரைவு' என்றே குறித்து வைத்தேன். அது தப்பு என்று பட்டது குற்றாலத்தில்.

முதல் நாள் தென்காசி காசி விஸ்வநாதர் கோயில். 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பியது. மண்டபத்துச் சிலைகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். நாம் ஓரடி நகர்ந்தால் போதும், மன்மதனின் இடுப்பு வளைவு வேறாகிவிடும். மறுநாள் சித்திர சபை. நடராஜருக்கு ஐந்து சபைகள். சிதம்பரம், மதுரை, நெல்லை, திருவாலங்காடு நான்கிலும் சிலையாக ஆடுகிறவர், இங்கே சுவரில் ஓவியமாக ஆடுகிறார். சுற்றி வர வழியில்லை. பின்பக்கமே கிடையாது. ஆனாலும் ஆட்டம் குறைந்ததாகத் தோணவில்லை.

அங்கேதான் தனபால் ஞாபகம் வந்தார். சிலைக்குக் கோடு என்று ஒன்று கிடையாது. உருவம் நம் பார்வையிலிருந்து திரும்பி மறையும் இடத்தைத்தான் நாம் கோடாகப் பார்க்கிறோம். நகர்ந்தால் அதுவும் நகரும். காகிதத்தில் அப்படி ஆயிரம் விளிம்புகளில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து நிறுத்தணும். மீதியை விட்டுவிடணும். உருவம் அருவத்தை நோக்கிப் போவது இந்த விடுதலில்தான் என்பது என் கணிப்பு.

இன்னொன்று. களிமண்ணில் அப்பலாம், வழிக்கலாம். கல்லில் எடுக்க மட்டும்தான் முடியும். மையில் சேர்க்க மட்டும்தான் முடியும். என் தொழில்ல 'அன்டூ' இல்லாம ஒரு நாள் ஓடாது. இவர் அது இல்லாமலே வரைந்திருக்கிறார்.

ராய் சவுத்ரியிடம் சென்னைக் கலைப்பள்ளியில் ஓவியம் படித்து, பிறகு சிற்பத்துக்கு வந்தவர் தனபால். பெரியாரின் மார்பளவுச் சிலையைப் பார்த்தால், சாயல் பிடிப்பதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை என்று தெரியும். ஆக, கோட்டில் சாயலை விட்டது தெரிந்தே விட்டதுதான். அந்தக் காலத்துச் சென்னைக் கலைஞர்கள் பலரும் மேற்கத்திய நிழல்-வெளிச்சப் பாணியை விட்டு, கோட்டை நம்பினார்கள். கே.சி.எஸ். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை 1960-களில் வந்தது. 1966-இல் சோழமண்டலம் கலைஞர் கிராமம். தனபால் 1970-களில் அதே கலைக்கல்லூரிக்கு முதல்வராகவும் இருந்தார். 'ஒரு சிற்பியின் சுயசரிதை' என்று தன் கதையையும் எழுதியிருக்கிறார், கிடைத்தால் படியுங்கள்.

குற்றாலத்துச் சாரல் சுகம்தான். சுவரோவியத்துக்கு அது எதிரி. காகிதத்துக்கும் அப்படியே. கரி சேர்ந்த இந்தியன் இங்க் சீக்கிரம் வெளுக்காது. மலிவான காகிதம்தான் அமிலத்தில் பழுத்து, மடிப்பில் நொறுங்கும். வெண்கலத்துக்கு மேடை கட்டுகிறோம். ஸ்கெட்ச் நோட்டு பரணில் கிடக்கு. உங்க வீட்டில் யாராவது ஓவியர், சிற்பி இருந்திருந்தால், அவர் நோட்டைத் தயவுசெய்து லேமினேட் பண்ணிடாதீங்க. அமிலமில்லாத தாள் இடையில் வைத்து, ஈரம் படாத இடத்தில், மடிக்காமல் கிடையாக வையுங்கள்.