வீட்டுக்குள் வந்த ஒலிப்பதிவுக் கூடம்

ஒரு மடிக்கணினியும் ஓர் ஒலிவாங்கியும் உடைய இளைஞர், வயலின் குழுவும் முரசும் பியானோவும் ஒலிக்கும் பாடலொன்றைத் தம் வீட்டு அறையில் ஒரே மாலைப் பொழுதில் அமைத்துவிடுவதை இன்று நாம் காண்கின்றோம். அந்த வயலின்களை வாசித்தவர் எவரும் அவ்வறையில் இல்லை. இதனைக் கணினி யுகத்தின் திடீர் விளைவு என்று எண்ணிவிடுவது எளிது. உண்மையில் இதன் வேர்கள் கணினிக்கும் முற்பட்டவை; எவருடைய இசை பதிவாக வேண்டும் என்பதை எவர் முடிவு செய்வது என்னும் பழைய வினாவில் ஊன்றியவை.

ஒலிநாடா பரவுவதற்கு முன்பு, இசை நேரடியாகத் தட்டில் பதிக்கப்பட்டது. பாடகரும் பக்கவாத்தியக்காரர்களும் ஒரே அறையில் கூடி, ஒரே மூச்சில் பாடி முடிக்க வேண்டும். ஒருவர் பிசகினால் அனைவரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கூடமும் கருவிகளும் நிறுவனத்தாருடையவை. எனவே, நிறுவனம் விரும்பிய குரல் நிலைத்தது. விரும்பாத குரல் காற்றோடு போயிற்று.

இந்தக் கட்டினை முதலில் தளர்த்தியவர்களுள் அமெரிக்கக் கித்தார் கலைஞர் லெஸ் பாலுக்குச் சிறப்பிடம் உண்டு. ஹாலிவுட்டில் தம் வீட்டு வண்டிக் கொட்டகையையே அவர் ஒலிப்பதிவுக் கூடமாக்கிக் கொண்டார். ஒரு தட்டில் கித்தாரைப் பதிவு செய்வார். அதனை ஒலிக்கவிட்டு, உடன் வாசித்து, இரண்டையும் சேர்த்து மற்றொரு தட்டில் பதிப்பார். அதன்மேல் மீண்டும் வாசிப்பார். 1948-இல் வெளிவந்த அவரது இசைத்தட்டில், ஒரே மனிதர் பல கித்தார்களாக ஒலித்ததைக் கேட்டவர்கள் வியந்தனர். 1949-இல் பாடகர் பிங் கிராஸ்பி அவருக்கு ஆம்பெக்ஸ் ஒலிநாடாக் கருவி ஒன்றை அளித்தார். லெஸ் பால் அதில் கூடுதலாக ஓர் ஒலிப்புமுனையைப் பொருத்தி, அந்த அடுக்குமுறையை நாடாவுக்குக் கொணர்ந்தார். இம்முறையில் புதிய அடுக்கு ஏறும்போது பழையது அழிந்துவிடும். ஆகவே பத்தாவது அடுக்கில் விரல் பிசகினால் முந்தைய ஒன்பதும் வீண். அவரும் அவர்தம் துணைவியார் மேரி ஃபோர்டும் வீட்டில் இவ்வாறு உழைத்து உருவாக்கிய பாடலொன்று, 1951-இல் ஒன்பது வாரங்கள் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் வகித்தது. எட்டுத் தடங்களைத் தனித்தனியே பதியும் கருவியை ஆம்பெக்ஸ் நிறுவனத்தார் 1957-இல் அவருக்குச் செய்தளித்தபோது, அதன் விலை ஏறத்தாழ 10,000 டாலர். வழி திறந்ததேயன்றி, எளியோர் நுழையும் அளவுக்கு அகலவில்லை.

அது அகன்றது 1979-இல். பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் அறிமுகம் செய்த சிறு கேசட்டையே கொண்டு நான்கு தடங்களைப் பதியும் 'போர்ட்டாஸ்டூடியோ 144' என்னும் கருவியை ஜப்பானின் டாஸ்கம் நிறுவனம் வெளியிட்டது. கேசட்டின் இரு பக்கங்களுக்கும் உரிய நான்கு தடங்களையும் ஒரே திசையில் பயன்படுத்தி, நாடாவை இருமடங்கு விரைவில் ஓட்டியதே அதன் நுட்பம். மேசைமேல் வைத்துக் கொள்ளலாம். ஒலிக்கலவைப் பலகையும் அதனுள்ளேயே அடங்கியிருந்தது.

1982 ஜனவரியில், நியூஜெர்சி மாநிலத்தில் தாம் தங்கியிருந்த வீட்டின் படுக்கையறையில், பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் இக்கருவியின் முன் அமர்ந்தார். அவரிடம் இருந்தவை இரண்டு ஒலிவாங்கிகள், ஒரு கித்தார், ஓர் ஆர்மோனிக்கா, இன்னும் சில சிறு கருவிகள். தம் குழுவினருக்குக் கற்பிப்பதற்கான மாதிரிப் பதிவாகவே அவர் அவற்றைப் பாடினார். பின்பு குழுவினரோடு பெரிய கூடத்தில் அதே பாடல்களைப் பதிந்தபோது, வேலையிழந்தோரும் வழிதவறியோரும் பேசும் அப்பாடல்களின் தனிமை அங்கே கரைந்து போனதாக அவருக்குத் தோன்றிற்று. உறைகூட இல்லாமல் சட்டைப்பையிலும் காற்சட்டைப்பையிலும் அவர் சுமந்து திரிந்த அந்தக் கேசட்டிலிருந்தே இசைத்தட்டு செய்வது என முடிவாயிற்று. இரைச்சல் மிகுந்த அந்நாடாவைத் தட்டில் ஏற்றப் பொறியாளர்கள் பெரிதும் பாடுபட்டனர் என்பர். அவ்வாண்டு செப்டம்பரில் 'நெப்ராஸ்கா' வெளிவந்தது. கூடத்தின் மினுக்கம் இல்லாமையே அதன் வலிமை என்று நாம் கருதுகின்றோம்.

நாடாவின் கதை ஒருபுறம் இவ்வாறு நடக்க, மறுபுறம் ஒசாகாவில் பிறந்த இகுதாரோ காகேஹாஷி என்பவரின் கதை நடந்து கொண்டிருந்தது. 1930-இல் பிறந்த இவர், குழந்தைப் பருவத்திலேயே காசநோய்க்குப் பெற்றோர் இருவரையும் பறிகொடுத்தார். இளமையில் அதே நோய் அவரையும் பற்றி, ஆண்டுக்கணக்கில் மருத்துவமனையில் கிடத்தியது. அக்காலத்துப் புதிய மருந்தாகிய ஸ்ட்ரெப்டோமைசின் அவரைப் பிழைப்பித்தது. கடிகாரமும் வானொலியும் பழுதுபார்த்தவர், முறையான இசைப் பயிற்சி இல்லாதவர். தம்மைப் போன்றோரும் வாசிக்கத்தக்க எளிய, மலிவான கருவிகள் வேண்டும் என்பதே அவரது நோக்கம். 1972-இல் ரோலண்ட் நிறுவனத்தைத் தொடங்கினார்.

அந்நாளில் ஒரு நிறுவனத்தின் மின்னணு இசைக்கருவி மற்றொன்றின் மொழியை அறியாது. அமெரிக்கப் பொறியாளர் டேவ் ஸ்மித்துடனும் ஜப்பானியப் போட்டி நிறுவனங்களுடனும் காகேஹாஷி பேசி, ஒரு பொதுமொழியை உருவாக்க உழைத்தார். 1983 ஜனவரியில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில், ஸ்மித்தின் கருவியும் ரோலண்ட் கருவியும் ஒரு கம்பியால் இணைக்கப்பட்டு, ஒன்றை வாசிக்க மற்றதும் ஒலித்தது. 'மிடி' எனப் பெயர் பெற்ற அம்மொழி ஒலியைக் கடத்துவதில்லை. எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தத்தில், எப்போது அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்பன போன்ற செய்திகளையே கடத்துகின்றது. அதற்கு உரிமத் தொகை கேட்பதில்லை எனவும் முடிவு செய்யப்பட்டது. செல்வம் குவித்திருக்கக்கூடிய ஒன்றைப் பொதுவில் வைத்தனர். பின்னர் விளைந்தவை யாவும் இதன் கனி எனலாம். 2013-இல் இருவருக்கும் தொழில்நுட்ப கிராமி விருது வழங்கப்பட்டது.

அதன்பின் காலம் விரைந்தது. 1985-இல் மிடி இணைப்பு உள்ளேயே அமைந்த அட்டாரி எஸ்டி கணிப்பொறி வந்தது. 1989-இல் ஹாம்பர்க் நகரின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் அதற்கு 'க்யூபேஸ்' என்னும் மென்பொருளைத் தந்தது. 1996-இல் அந்நிறுவனம் வெளியிட்ட 'விஎஸ்டி' முறையும், 1999-இல் வந்த அதன் இரண்டாம் வடிவமும், கருவிகளையே மென்பொருளாக்க வழி செய்தன. எவரும் இம்முறையில் கருவிகளை எழுதலாம் என அனுமதிக்கப்பட்டது. 2000-இல் 'ஆடாசிட்டி' விலையின்றி வந்தது. 2004-இல் ஆப்பிள் கணினிகளுக்கு 'கராஜ்பேண்ட்' வந்தது. பெயரிலேயே அந்தக் கொட்டகை இருப்பதைக் கவனிக்க.

மெய்நிகர் இசைக்கருவிகளுள் பல, உண்மைக் கருவியின் ஒவ்வொரு சுரத்தையும் மென்மையாக, நடுத்தரமாக, வன்மையாக என வாசிக்கச் செய்து பதிந்து வைத்தவை. நாம் கட்டையை அழுத்தும் விசைக்கேற்ப உரிய பதிவு ஒலிக்கும். 2002-இல் தோன்றிய 'ஹாப்ட்வெர்க்' மென்பொருள், ஐரோப்பியப் பேராலயங்களின் குழல் ஆர்கன்களைக் குழல் குழலாகப் பதிந்து, ஆலயத்தின் எதிரொலியோடு வீட்டில் ஒலிக்கச் செய்கின்றது. ஓர் ஊரின் ஆர்கன் முழுவதையும் மேசைமேல் வைத்துவிடும் இத்துணிவு நமக்கு இன்றும் சற்று அச்சமூட்டுவதே.

தமிழகத்தில் இம்மாற்றம் செவிக்கு எட்டியது 1992-இல் 'ரோஜா' வெளிவந்தபோது. ஏ. ஆர். ரஹ்மான் 1989-இல் கோடம்பாக்கத்தில் தம் இல்லத்தோடு சேர்த்து அமைத்த கூடம் மலிவானதன்று. ஆயினும் வாடகை மணிக்கணக்கு இல்லாத இடத்தில், இரவு முழுதும் ஒரே ஒலியைத் திருத்தும் சுதந்திரம் அவருக்குக் கிடைத்தது. தந்தை ஆர். கே. சேகர் 1976-இல் மறைந்தபின், அவர் விட்டுச்சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டே அக்குடும்பம் பிழைத்தது என்பதையும் ஈண்டு நினைக்கலாம்.

இக்கதையில் இழந்தவர்களும் உண்டு. 1982-லேயே பிரிட்டனின் இசைக்கலைஞர் சங்கத்து மத்திய லண்டன் கிளை, மின்னணுக் கருவிகளைத் தடைசெய்யக் கோரித் தீர்மானம் கொணர்ந்தது. சங்கம் அதனைக் கொள்கையாக ஏற்கவில்லை, பலர் நகைத்தனர். ஆனால் அக்கலைஞர்களின் அச்சம் வெறும் பழமைப் பிடிப்பன்று. கூடத்தில் வரிசையாய் அமர்ந்து வயலின் வாசித்துக் குடும்பம் காத்தவர்களின் நாற்காலிகள் எங்கும் குறைந்தன. நம் கோடம்பாக்கத்திலும் குறைந்தன. ஒருவர் செய்யும் பாட்டு வளர்ந்தபோது, பலர் கூடிச் செய்யும் பாட்டின் கூலி தேய்ந்தது. இதற்கு ஈடு செய்யும் கணக்கு ஒன்றும் நமக்குத் தெரியவில்லை.

புதிதாகக் கற்போர் முதலில் இடறுவது பெரும்பாலும் மென்பொருளில் அன்று, காலத்தில். கணினி ஒலியைச் சிறு சிறு தொகுதிகளாகக் கையாள்கின்றது. நொடிக்கு 44,100 மாதிரிகள் எனும் கணக்கில், தொகுதிக்கு 1,024 மாதிரிகள் என வைத்தால், அந்த ஒரு தொகுதிக்கே 23 மில்லிநொடி ஆகும். விரலுக்குப் பின்னால் ஒலி நொண்டி வரும். அதனை 128 எனக் குறைத்தால் ஏறத்தாழ 3 மில்லிநொடியே; ஆனால் கணினி மூச்சுத் திணறும். அடுத்து அறை. வெறுஞ்சுவரில் மோதித் திரும்பும் ஒலியை விலையுயர்ந்த ஒலிவாங்கியும் தடுக்காது. சுவரோரம் தொங்கும் கனத்த போர்வை ஓரளவு தடுக்கும்.

நம்மவர்க்கு மற்றொரு தடையும் உண்டு. மிடியின் 128 சுர எண்களும் பியானோக் கட்டைகளைப் போல அரைச்சுரப் படிகளில் ஏறுபவை. கமகமோ படிகளுக்கிடையே வாழ்வது. சுரத்தை வளைக்கும் கட்டளை தொடக்கம் முதல் மிடியில் இருந்ததெனினும், அது ஒரு தடத்தின் எல்லாச் சுரங்களையும் ஒருசேர வளைத்துவிடும். ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே வளைக்கும் பொதுமுறை 2018-இல்தான் ஏற்கப்பட்டது. அதற்குரிய விசைப்பலகைகள் இன்னும் பரவலாகவில்லை. ஆகவே, வீட்டில் பாட்டமைப்போர் பலர், பின்னணியை மென்பொருளில் அமைத்தபின், புல்லாங்குழலுக்கும் வயலினுக்கும் ஒரு கலைஞரை வீட்டுக்கு அழைக்கின்றனர். மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்வையோடு, அவர் வாசிப்பதைப் பதிவு செய்கின்றனர்.